பறக்காத விமானங்களின் காலாண்டு

2023 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவின் ஆர்டிஎக்ஸ் நிறுவனம் தன் மூன்றாம் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. அதன் விமான எஞ்சின் பிரிவான பிராட் அண்ட் விட்னியின் விற்பனை 92.6 கோடி டாலர் என்று அறிக்கை சொன்னது. முந்தைய ஆண்டு இதே மூன்று மாதங்களில் அந்தப் பிரிவு சுமார் 538 கோடி டாலருக்கு விற்றிருந்தது. ஓராண்டுக்குள் 83 விழுக்காடு காணாமல் போயிருந்தது.

ஆலை எதுவும் மூடப்படவில்லை. ஏர்பஸ் ஆர்டரை ரத்து செய்யவில்லை. புது எஞ்சின்கள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன, உதிரி பாகங்களுக்குக் கிராக்கி கூடியிருந்தது. நிறுவனத்தின் அன்றாட வியாபாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தக் காலாண்டில் அது சுமார் 630 கோடி டாலருக்கு வளர்ந்திருந்தது. பிறகு எப்படி 92.6 கோடி?

அந்த மூன்று மாதங்களுக்குள் தேடினால் விடை கிடைக்காது. 2015 இறுதியில் தொடங்கிய ஒரு தவறு, 2026 வரை கொடுக்க வேண்டிய பணம் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு காலாண்டின் தலையில் விழுந்தன. விமான எஞ்சின் செய்யும் நிறுவனங்களின் காலாண்டுக் கணக்கே இப்படிப்பட்டதுதான். எண்கள் மூன்று மாதத்துக்கு உரியவை என்று மேலே எழுதியிருக்கும். உள்ளே இருப்பது இருபது, முப்பது ஆண்டுகளின் கொடுக்கல் வாங்கல்.

கழிக்கப்பட்ட 540 கோடி

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பிராட் அண்ட் விட்னியின் ஜிடிஎஃப் வகை எஞ்சின்களில் ஒரு குறை வெளிப்பட்டது. அவற்றை விமானத்திலிருந்து இறக்கிச் சோதிக்க வேண்டும். அதுவரை விமானம் தரையில் நிற்கும், விமான நிறுவனத்துக்கு வருமானம் இல்லை. அந்த இழப்புக்கு எஞ்சின் செய்தவர் ஈடு கட்ட வேண்டும். அமெரிக்கக் கணக்கு முறையில் வாடிக்கையாளருக்குத் தரும் இப்படிப்பட்ட ஈட்டுத்தொகை, செலவுப் பக்கத்தில் ஏறாமல் விற்பனையிலிருந்தே கழிக்கப்படுகிறது. அப்படிக் கழிக்கப்பட்டது 540 கோடி டாலர்.

ஆனால் இந்த எஞ்சினை பிராட் மட்டும் தனியாகச் செய்யவில்லை. ஜெர்மனியின் எம்டியூ ஏரோ எஞ்சின்ஸ், ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டமைப்பு போன்ற பங்காளிகள் உண்டு. இந்த விவகாரத்தில் பிராட்டின் பங்கு சுமார் 51 விழுக்காடு, மீதி பங்காளிகளுடையது. லாபத்தில் பங்கு உண்டு என்றால் நட்டத்திலும் உண்டு. அதனால் பிராட்டின் செயல்பாட்டு லாபத்தில் விழுந்த அடி 290 கோடி டாலர்தான். அந்தக் காலாண்டில் எம்டியூவின் பங்குதாரர்களும் ஜப்பானியக் கூட்டமைப்பிலுள்ள ஐஎச்ஐ நிறுவனமும் நட்டம் பேசிக்கொண்டிருந்தது இதனால்தான். முடிவில் பிராட்டின் செயல்பாட்டு நட்டம் 248.2 கோடி டாலர் என்று பதிவானது. தாய் நிறுவனமான ஆர்டிஎக்ஸ் முழுவதற்குமான நிகர நட்டம் 98.4 கோடி டாலர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த 540 கோடியும் அந்தக் காலாண்டில் கைமாறிய பணம் அன்று. வரும் ஆண்டுகளில் கொடுக்கப் போவதை அன்றே மதிப்பிட்டு எழுதிவைத்த தொகை அது. பணமாகவோ, வருங்காலப் பழுதுபார்ப்புக் கட்டணத்தில் கழிவாகவோ அது மெல்ல மெல்லத்தான் போகும். லாப நட்டக் கணக்கில் ஒரே நாளில் முடிந்த விஷயம், ரொக்கக் கணக்கில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. 2025ஆம் ஆண்டில் 900 கோடி டாலர் ரொக்கம் மிஞ்சும் என்று சொல்லியிருந்த ஆர்டிஎக்ஸ், 2023 செப்டம்பரிலேயே அந்த இலக்கை 750 கோடியாகக் குறைத்துக்கொண்டது. லாபத்தை மட்டும் பார்க்கிறவருக்கு 2023இல் ஒரு பள்ளம் தெரியும், அடுத்த ஆண்டு மேடு தெரியும். ரொக்கத்தைப் பார்க்கிறவருக்குத்தான் உண்மையான சுமையின் நீளம் தெரியும்.

ஒரு தூளில் இருந்த தூசு

ஜெட் எஞ்சினின் உள்ளே சுழலும் பாகங்களில் மிகக் கொடுமையான வேலை டிஸ்க்குக்குத்தான். வட்டத் தட்டு போன்ற கனமான உலோகத் துண்டு அது. அதன் விளிம்பில் டர்பைன் இலைகள் செருகப்பட்டிருக்கும். ஜிடிஎஃப் எஞ்சினின் உயர் அழுத்தப் பகுதி நிமிடத்துக்கு 20,000 தடவைக்கு மேல் சுழலும். பக்கத்தில் எரியும் வாயுவின் வெப்பம், மேலே செருகிய ஒவ்வொரு இலையும் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை. ஓர் இலை உடைந்தால் அதைப் பிடித்து நிறுத்தும்படி எஞ்சினின் கூடு வடிவமைக்கப்படுகிறது. டிஸ்க் உடைந்தால் எந்தக் கூடும் தாங்காது. துண்டுகள் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே பறக்கும். ஆகவே டிஸ்க் உடையவே கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி.

அந்த டிஸ்க்கை வார்ப்பில் ஊற்றிச் செய்வதில்லை. நிக்கல் கலப்பு உலோகத்தை உருக்கி, பீய்ச்சி, மிக நுண்ணிய தூளாக்குகிறார்கள். அந்தத் தூளைப் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கெட்டிப்படுத்தி, அடித்து உருவாக்கி, கடைந்தெடுக்கிறார்கள். தூளிலிருந்து செய்தால் உலோகம் முழுவதும் ஒரே சீராக அமையும், வலிமையும் கூடும். ஆனால் தூளில் வேண்டாத ஒரு துகள் கலந்துவிட்டால் அதுவும் டிஸ்க்கின் உள்ளேயே போய் அமர்ந்துகொள்ளும். ஆயிரக்கணக்கான முறை விமானம் ஏறி இறங்க, அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் வளரும்.

2020 மார்ச்சில் வியட்நாமில் ஓடுபாதையில் வேகமெடுத்த ஓர் ஏர்பஸ் ஏ321 விமானத்தின் வி2500 எஞ்சினில் டர்பைன் டிஸ்க் உடைந்தது. விமானி புறப்பாட்டை நிறுத்திவிட்டார். அந்த வி2500, பிராட் பங்கேற்ற முந்தைய தலைமுறை எஞ்சின். 2022 டிசம்பரில் புதிய ஜிடிஎஃப் எஞ்சின் பூட்டிய ஏ320 நியோ ஒன்றில் கம்ப்ரஸரின் சுழலும் பாகம் ஒன்று உடைந்து, அதுவும் புறப்பாட்டை நிறுத்த நேர்ந்தது. இரண்டு நிகழ்வுகளையும் ஆராய்ந்தபோது, 2015இன் கடைசிக் காலாண்டிலிருந்து 2021இன் மூன்றாம் காலாண்டு வரை செய்யப்பட்ட உலோகத் தூளில் நுண்ணிய மாசு கலந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் கிளேவில் என்னும் சிற்றூரில் பிராட் தானே நடத்தும் ஆலையில் தயாராகும் தூள் அது. குறை வெளியாரிடமிருந்து வரவில்லை.

2023 ஜூலை 25 அன்று, இரண்டாம் காலாண்டு முடிவுகளோடு இந்தச் செய்தியும் வந்தது. 1,200 எஞ்சின்களை ஓராண்டுக்குள் இறக்கிச் சோதிக்க வேண்டும், அவற்றில் 200ஐ செப்டம்பர் நடுவுக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். அன்று பங்கு விலை சுமார் 10 விழுக்காடு சரிந்தது. செப்டம்பர் 11இல் கணக்கு இன்னும் பெரிதாயிற்று. 2026 வரை கூடுதலாக 600 முதல் 700 எஞ்சின்கள் பணிமனைக்கு வரும். இறக்கிய எஞ்சின் மறுபடி விமானத்தில் ஏற 250 முதல் 300 நாட்கள் ஆகும். 2024இன் முதல் பாதியில் உச்சமாக 650 விமானங்கள் வரை தரையில் நிற்கலாம், 2024 முதல் 2026 வரை சராசரியாக 350 விமானங்கள் நிற்கும் என்று நிறுவனமே சொன்னது.

இறக்கிய எஞ்சின் இத்தனை நாள் காத்துக் கிடந்ததற்குச் சோதனை காரணம் இல்லை. ஒலி அலை செலுத்தி விரிசல் பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் டிஸ்க்கைப் பார்க்க எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும். பிரித்த பின் மற்றப் பாகங்களின் தேய்மானமும் கண்ணில் படும், அவற்றையும் மாற்றியாக வேண்டும். மாற்றுப் பாகங்கள் கையிருப்பில் இல்லை. பணிமனைகளிலும் இடம் இல்லை. புது விமானத்துக்கு எஞ்சின் கொடுப்பதா, நிற்கும் விமானத்துக்குப் பாகம் கொடுப்பதா என்ற இழுபறி வேறு. புது டிஸ்க் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் கேட்டன.

விற்கும்போது வராத லாபம்

எஞ்சினில் இவ்வளவு பெரிய குறை வந்தும் இந்தத் தொழிலை யாரும் விட்டு ஓடவில்லை. ஏன் என்று புரிய, பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

குறுகிய உடல் கொண்ட விமானங்களுக்கான எஞ்சினை விற்கும்போது செய்தவருக்குப் பெரும்பாலும் லாபம் கிடையாது, பல சமயம் நட்டமே வரும். பெரிய விமான நிறுவனம் பேரம் பேசும், போட்டியாளர் இன்னும் இறங்கி வருவார். கொடுத்துத்தான் ஆக வேண்டும். லாபம் பிறகு வருகிறது. எஞ்சின் சில ஆண்டுகள் பறந்து முதல் முறை பணிமனைக்கு வரும்போது பாகங்களின் விலையும் உழைப்பின் கூலியும் சேர்ந்து பெரிய தொகையாகும். இரண்டாம், மூன்றாம் முறைகளில் இன்னும் கூடும். ஓர் எஞ்சின் வகை முப்பது ஆண்டு பறந்தால் முப்பது ஆண்டு வருமானம்.

இதற்கு நல்ல சாட்சி சிஎஃப்எம்56. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பிரான்ஸின் ஸ்னெக்மாவும் 1974இல் கூட்டு சேர்ந்து தொடங்கிய எஞ்சின் அது. 1979 வரை ஒரு வாடிக்கையாளரும் கிடைக்காமல், திட்டத்தையே கைவிடும் நிலை வந்தது. பழைய டிசி-8 விமானங்களுக்குப் புது எஞ்சின் பூட்ட அமெரிக்க நிறுவனங்கள் சில முன்வந்ததால் தப்பியது. அதன்பின் போயிங் 737இல் ஏறியது, ஏ320இல் ஏறியது, 30,000க்கும் மேல் செய்யப்பட்டது. 737இன் முதல் தலைமுறைக்கு எஞ்சின் கொடுத்தவர் பிராட். அடுத்த தலைமுறையில் அந்த இடத்தை இழந்தார். அன்று இழந்த இடத்தின் விலையை இன்றும் கணக்கில் காணலாம். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஞ்சின் பிரிவு 2024 ஏப்ரலில் ஜிஇ ஏரோஸ்பேஸ் என்ற தனி நிறுவனமாயிற்று. அந்த ஆண்டில் அதன் செயல்பாட்டு லாபம் 730 கோடி டாலர், மிஞ்சிய ரொக்கம் 610 கோடி. பயணிகள் விமான எஞ்சின் பிரிவின் வருவாயில் 70 விழுக்காட்டுக்கு மேல் சர்வீஸிலிருந்தும் உதிரி பாகங்களிலிருந்தும் வருகிறது. அதே ஆண்டில் சிஎஃப்எம்56க்கு அடுத்து வந்த லீப் எஞ்சின்களை, முந்தைய ஆண்டின் 1,570க்குப் பதில் 1,407தான் கொடுத்தார்கள். குறைவாகக் கொடுத்தும் லாபம் கூடிற்று. வேறு எந்த ஆலையிலாவது உற்பத்தி குறைந்து லாபம் கூடினால் கணக்காளரைக் கூப்பிட்டு விசாரிப்போம்.

பிராட்டுக்கும் அப்படி ஒரு முதுசொம் உண்டு, அது வி2500. ரோல்ஸ்-ராய்ஸ் அந்தக் கூட்டிலிருந்து விலகி, தன் பங்கை 2012இல் 150 கோடி டாலருக்கு பிராட்டின் தாய் நிறுவனத்திடம் விற்றது. ஜிடிஎஃப் விமானங்கள் தரையில் நின்றபோது, ஓய்வு பெற வேண்டிய பழைய ஏ320கள் மேலும் சில ஆண்டுகள் பறக்க வேண்டியதாயிற்று. அவற்றில் பலவற்றில் இருப்பது வி2500. அவை பணிமனைக்கு வர வர பிராட்டின் வருமானம் ஏறியது. புது எஞ்சினின் குறைக்கு ஈடு கட்டிய அதே நிறுவனம், அந்தக் குறையால் நீண்ட பழைய எஞ்சினின் ஆயுளிலிருந்து சம்பாதித்தது. இதைச் சதி என்று நான் சொல்லவில்லை, 540 கோடி டாலர் இழக்க யாரும் திட்டம் போட மாட்டார்கள். ஆனால் இரண்டு மூன்று பேர் மட்டுமே செய்யத் தெரிந்த பொருளில், செய்தவரின் தவறுக்கும்கூட வாங்கியவர் செய்தவரிடமே திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. காலாண்டு முடிவுகளைப் படிக்கும்போது இது மனத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக ஒரு முறை 1962இலேயே வந்தது. பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தன் வைப்பர் எஞ்சினுக்கு, பறக்கும் மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரிப்பு முழுவதையும் தானே ஏற்றது. பிற்பாடு ரோல்ஸ்-ராய்ஸ் அதைப் பெரிய அளவில் விரித்தது. எஞ்சின் பழுதானால் செலவு செய்தவருடையது என்பதால் நீடித்து உழைக்கும்படி செய்ய அவருக்கே அக்கறை இருக்கும். என் பார்வையில் இதுதான் நேர்மையான ஏற்பாடு. ஆனால் 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது மணிக்கணக்கும் நின்றது. அந்த ஓராண்டில் ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து 420 கோடி பவுண்டு ரொக்கம் வெளியேறியது. 1971இல் ஆர்பி211 எஞ்சினின் செலவு தாங்காமல் திவாலாகி அரசின் கைக்குப் போன நிறுவனம், ஐம்பதாண்டு கழித்து மறுபடி விளிம்புக்கு வந்து மீண்டது. 2024இல் அதே நிறுவனம் 240 கோடி பவுண்டு ரொக்கம் மிச்சம் பிடித்தது. விமானங்கள் திரும்பப் பறந்தன, பழைய ஒப்பந்தங்களின் கட்டணங்களைத் திருத்திப் பேசினார்கள்.

தரையில் நின்றவர்கள்

பிராட்டின் 540 கோடி எங்கே போயிற்று என்று தேடினால் இந்தியாவிலும் தடம் கிடைக்கும். ஜிடிஎஃப் எஞ்சின் பூட்டிய ஏ320 நியோவை உலகிலேயே முதலில் பறக்கவிட்டது ஜெர்மனியின் லுஃப்தான்ஸா, 2016 ஜனவரியில். அந்த மார்ச் மாதமே இண்டிகோ தன் முதல் நியோவை எடுத்தது. எரிபொருள் சுமார் 15 விழுக்காடு மிச்சம் என்றால் இந்தியாவின் குறைந்த கட்டண நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய ஈர்ப்பு இல்லை. பிரச்சினைகள் தொடக்கத்திலேயே வந்தன. தூளின் மாசு வெளிவருவதற்கு வெகுநாள் முன்பே எரி அறையும் டர்பைனும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தன. இந்தியாவின் வெப்பமும் தூசியும் அதை விரைவுபடுத்தின. இண்டிகோ 2019இல் 280 விமானங்களுக்கான அடுத்த எஞ்சின் ஆர்டரை, சிஎஃப்எம்56ஐச் செய்யும் போட்டியாளரான சிஎஃப்எம்முக்குக் கொடுத்தது. 2024 தொடக்கத்தில் அதன் 70க்கும் மேற்பட்ட விமானங்கள் எஞ்சினுக்காகத் தரையில் நின்றன. இண்டிகோ பெரிய நிறுவனம், கையில் ரொக்கம் இருந்தது. குத்தகைக்கு விமானம் எடுத்தது, பழையவற்றைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது, பிராட்டிடமிருந்து இழப்பீடும் பெற்றது.

கோ ஃபர்ஸ்டுக்கு அந்த வசதி இல்லை. வாடியா குழுமத்தின் அந்த நிறுவனம் 2023 மே 2 அன்று தானாகவே திவால் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டியது. 2019 டிசம்பரில் தன் விமானங்களில் 7 விழுக்காடு தரையில் நின்றன, 2020 டிசம்பரில் 31 விழுக்காடு, 2022 டிசம்பரில் 50 விழுக்காடு என்று கணக்குக் காட்டி, எஞ்சின் கொடுக்காத பிராட்டே காரணம் என்றது. கோ ஃபர்ஸ்ட் நெடுங்காலமாகவே பணம் செலுத்தத் தவறியது என்பது பிராட்டின் பதில். சிங்கப்பூர் நடுவர் மன்றத்தின் அவசர நடுவர், மாதம் 10 எஞ்சின் வீதம் கொடுக்கும்படி பிராட்டுக்கு உத்தரவிட்டிருந்தார். எஞ்சின்கள் வரவில்லை. கோ ஃபர்ஸ்டின் மொத்தக் கடன் பொறுப்பு 11,463 கோடி ரூபாய். அந்தக் கடனுக்கு எஞ்சின் மட்டுமே காரணம் என்று நான் எழுத மாட்டேன், நிர்வாகத்தின் கை அதில் உண்டு. ஆனால் பாதி விமானங்கள் நிற்கும்போது, நிற்கும் விமானத்துக்கும் குத்தகை கட்டிக்கொண்டு எந்த நிர்வாகம் பிழைத்திருக்கும் என்பதும் நியாயமான கேள்வி.

மனு கொடுத்த அடுத்த நாளே கோ ஃபர்ஸ்டின் விமானங்கள் நின்றன. அது பறந்த வழித்தடங்களில் கட்டணம் ஏறியது, ஸ்ரீநகர், லே பயணிகள் அதிகம் உணர்ந்தார்கள். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் சம்பளமின்றிக் காத்திருந்தார்கள். வாங்கும் பேச்சு எதுவும் கைகூடாமல், 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்கும்படி தீர்ப்பாயம் ஆணையிட்டது. கலைப்பில் வரும் பணத்துக்குச் சட்டப்படி ஒரு வரிசை உண்டு. ஆனால் ஒரு விமான நிறுவனத்தில் விற்க என்ன இருக்கும்? விமானங்கள் குத்தகைக்கு விட்டவர்களுடையவை.

அதே நாளின் இன்னோர் அறிவிப்பு

மறுபடியும் 2023 அக்டோபர் 24க்கு வர வேண்டியிருக்கிறது. 98.4 கோடி டாலர் நட்டத்தை அறிவித்த அதே அறிக்கையில் ஆர்டிஎக்ஸ் இன்னொன்றும் சொன்னது. தன் பங்குகளைத் தானே 1,000 கோடி டாலருக்குத் திரும்ப வாங்கப் போகிறது, அதுவும் விரைவாக. அதற்கான பணத்துக்குக் கடன் வாங்கியது. அன்று பங்கு விலை ஏறியது.

பங்குதாரருக்குப் பணம் திருப்பித் தருவது குற்றம் இல்லை. ஆர்டிஎக்ஸுக்கு ஏவுகணையும் ராடாரும் செய்யும் பெரிய பாதுகாப்புத் துறைப் பிரிவுகள் உண்டு, கடனை அடைக்க வழியும் உண்டு. எஞ்சின் விவகாரம் தங்களை அசைக்காது என்று சந்தைக்குக் காட்ட நிர்வாகம் விரும்பியது புரிகிறது. ஆயினும் உலகெங்கும் தன் எஞ்சினால் விமானங்கள் தரையில் நிற்க, பணிமனைகளும் மாற்று டிஸ்க்குகளும் போதாமல் ஒவ்வொரு எஞ்சினும் எட்டு முதல் பத்து மாதம் காத்துக் கிடக்க, ஈடு கட்ட ஒதுக்கியதைப்போல ஏறக்குறைய இருமடங்கைக் கடன் வாங்கிப் பங்கு விலைக்குச் செலவழித்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கடனில் ஒரு பகுதியாவது புதுப் பணிமனைகளுக்குப் போயிருக்க வேண்டும். பணத்தால் எல்லாவற்றையும் விரைவுபடுத்த முடியாது என்பார்கள், உலோகம் அடிக்கும் ஆலை ஒரே இரவில் எழாது. உண்மை. அதனால்தான் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

ஓராண்டு கழித்து, 2024இன் மூன்றாம் காலாண்டில் பிராட்டின் விற்பனை சுமார் 720 கோடி டாலர், செயல்பாட்டு லாபம் 50 கோடிக்கு மேல். முந்தைய ஆண்டின் 92.6 கோடியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எட்டு மடங்கு. இந்த எட்டு மடங்குக்கு ஒரு பொருளும் இல்லை. முந்தைய ஆண்டின் 83 விழுக்காடு வீழ்ச்சிக்கும் இருக்கவில்லை. ஈட்டுத்தொகையைத் தள்ளிவிட்டு 630 கோடியோடு ஒப்பிட்டால் வளர்ச்சி நூற்றுக்குப் பதினான்கு. அந்த 720 கோடி அறிவிக்கப்பட்ட அன்றும் நூற்றுக்கணக்கான ஏர்பஸ்கள் எஞ்சினில்லாமல் நின்றுகொண்டிருந்தன.

எஞ்சினிலும் மாற்றம் வருகிறது. வெப்பப் பகுதியின் பாகங்களை வலுப்படுத்திய ஜிடிஎஃப் அட்வான்டேஜ் என்ற புதிய வடிவத்துக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2025 பிப்ரவரியில் சான்று கொடுத்தது. ஏற்கெனவே பறப்பவற்றிலும் அந்தப் பாகங்களில் பலவற்றைப் பணிமனையில் பொருத்தலாம் என்கிறார்கள். அது சொன்னபடி நீடித்து உழைக்கிறதா என்பது எந்தக் காலாண்டிலும் உடனே தெரிந்துவிடாது. சூடான, தூசி நிறைந்த ஊர்களில் பல்லாயிரம் முறை ஏறி இறங்கிய பிறகு, இறக்காமல் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற எண்ணில்தான் தெரியும். சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் இண்டிகோ ஏறுகிறவர்கள் எடுக்கும் டிக்கெட்டின் விலையில் அந்த எண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு.

அடுத்த முறை எந்த எஞ்சின் நிறுவனத்தின் முடிவு வந்தாலும் விற்பனை வளர்ச்சி என்ற முதல் வரியைத் தாண்டிப் போய்விடலாம். சர்வீஸ் வருவாயில் எவ்வளவு புது எஞ்சின்களிலிருந்து, எவ்வளவு ஓய்வை நெருங்கும் பழையவற்றிலிருந்து வருகிறது என்று பாருங்கள். லாபத்துக்குப் பக்கத்தில் மிஞ்சிய ரொக்கத்தை வைத்துப் பாருங்கள், இரண்டும் நெடுநாள் விலகியே இருந்தால் எங்கோ பழைய வாக்குறுதி ஒன்றுக்குப் பணம் போய்க்கொண்டிருக்கிறது. பிராட்டைப் பொறுத்தவரை, தரையில் நிற்கும் விமானங்கள் எத்தனை என்று நிர்வாகம் அந்தக் காலாண்டில் சொல்கிறதா, சொன்னால் அது முந்தைய காலாண்டைவிடக் குறைந்திருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் அது அட்டவணையில் இருக்காது. பங்கு ஆய்வாளர்கள் கேள்வி கேட்கும் அழைப்பில், யாராவது கேட்டால்தான் வரும்.